மயில் உள்ளான் போஸ் கொடுப்பதில்லை

"பரவைக்குப் போறேன்" என்று எழுதினால் பறவையைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். தப்பில்லை. மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் இருக்கிற ஊர், பரவை முனியம்மாவின் ஊர். சின்ன 'ர' தான். ஆனால் நான் அங்கே போவது பெரிய 'ற' போட்ட பறவைக்காக. குறிப்பாக, கண்மாய் ஓரத்துக் கோரையில் ஒளிந்துகொள்ளும் மயில் உள்ளானுக்காக.

இந்தப் பறவையின் படங்கள் இப்போது நிறைய கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு: சட்டம் நிறைய பறவை, பின்னால் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு பச்சை, கீழே "அழகாகப் போஸ் கொடுத்த ஆண்". இந்தக் குறிப்பில் இரண்டு பிழை இருக்கிறது. படத்தில் மூன்றாவது.

முதல் பிழை 'ஆண்'. செம்புநிறக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டையுமாக மினுக்குவது பெண். ஆண் மங்கல், இறக்கையில் மண்நிறப் புள்ளிகள். பெயரில் மயில் இருப்பதால் பகட்டானது ஆண்தான் என்று எழுதிவிடுகிறோம். இங்கே எல்லாம் தலைகீழ். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். பெரும்பாலும் நாலு முட்டை. அவற்றை மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைய அடைகாப்பதும், பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவதும் தனியாக அந்த ஆண்தான்.

இரண்டாவது 'போஸ்'. ஆபத்து என்று பட்டால் மயில் உள்ளான் சட்டென்று பறக்காது. உடம்பை ஒடுக்கி உறைந்து நிற்கும். ரொம்ப நெருங்கினால்தான் கிளம்பும். அப்படியென்றால் பத்தடியில் அசையாமல் கிடைத்த அந்தத் துல்லியமான படம் எதைக் காட்டுகிறது? ஒரு பயத்தை. நாம் அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான். முதல் வருஷம் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, நானும் அப்படி ஒரு படம் எடுத்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏன் தம்பி விரட்டுறீக? ஒரே எடத்துல உக்காருங்க, பொழுசாய அதுவா வெளிய வரும்" என்றார். எந்தக் கையேட்டை விடவும் சரியான ஆலோசனை. அந்திக்கும் விடியலுக்கும் இரை தேடுகிற பறவை அது.

மூன்றாவது அந்த வெண்ணெய்ப் பச்சை. நீள லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் பின்னணி கரைந்துபோகும். பல பறவைகளுக்கு அது பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது. முதுகில் ஓடும் வெளிர்க் கோடுகள் காய்ந்த கோரைக்குள் கலந்துபோவதற்கானவை. கோரையை அழித்துவிட்டால் அந்தக் கோடுகளுக்கு அர்த்தமே இல்லை. துளையைச் சுருக்கினால் அந்தி வெளிச்சம் போதாது, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றணும், படம் மணல் மணலாக வரும். வரட்டுமே. ம. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில், தானே கோத்துச் சேர்த்த கேமராவோடுதான் காட்டில் திரிந்தார். அவர் யானை காட்டோடு சேர்ந்தே நிற்கும்.

கூட்டுப் படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். அவை விமர்சனத்துக்கு உரியவை அல்ல, நிறுத்தப்பட வேண்டியவை. அடைகாப்பவர் ஒருவர்தான், மாற்று ஆள் கிடையாது. அவரை எழுப்பிவிட்டால் முட்டை மதுரை வெயிலில் கிடக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இதை ஒருதடவை படிக்கலாம்.

போன மாதம் கரையிலேயே உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதி கோரை, கால்வாசி சேறு, ஓரத்தில் ஒரு ஆண், பின்னால் எங்கேயோ குஞ்சின் கால். நண்பரிடம் காட்டினேன். "பறவை எங்கண்ணே?" என்றார்.

தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பறவையைப் பற்றி அந்த ஒரு நிமிஷம் சொல்வதை என் பழைய படம் சொல்லவில்லை. பழையதை அழித்துவிட்டேன்.