ஐந்து நொடியில் நின்ற ராக்கெட்

திருவனந்தபுரத்தின் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், மனிதரை ஏற்றிச்செல்லும் ராக்கெட் உருவாகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய கடற்கரை அது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. ஏவுவதற்கு ஐந்து நொடி இருக்கையில் கணினி தானே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து, காலை பத்து மணிக்கு ஏவினார்கள். சந்தேகம் வந்தால் நின்றுவிடும் ராக்கெட்டை நம்பித்தானே ஆளை ஏற்ற முடியும்!

அன்றைய நோக்கம் விண்ணை எட்டுவதல்ல, ஆபத்து நேர்ந்தால் தப்பிப்பதைச் சோதிப்பது. விகாஸ் எஞ்சின் பூட்டிய ராக்கெட் ஒலியை மிஞ்சிப் பாய்கையில், சுமார் 12 கி.மீ. உயரத்தில், முனையிலிருந்த திட எரிபொருள் மோட்டார்கள் ஆளில்லாக் கலத்தைப் பிய்த்துக்கொண்டு பறந்தன. சுமார் 17 கி.மீ. உயரத்தில் கலம் தனியே பிரிந்தது.

பிறகு வந்ததுதான் கண்கொள்ளாக் காட்சி. மூடியைக் கழற்ற இரண்டு பாராசூட், வேகத்தையும் ஆட்டத்தையும் அடக்க இரண்டு, பெரியவற்றை இழுத்து விரிக்க மூன்று சிறியவை, கடைசியாக அந்த மூன்று பெரியவை. இவற்றில் இரண்டு விரிந்தாலே போதும். இருந்தும் மூன்று வைத்த அக்கறை பெரிது. வங்கக் கடலில் இறங்கிய கலத்தைக் கடற்படை மீட்டது.