பின்விளக்கே முதல் விளக்கு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ15 நெடுஞ்சாலை, ஓட்டமாவடியைக் கடந்தபின் மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி ஆகிய ஊர்களை ஊடறுத்து வெருகலைச் சென்றடையும் நீண்ட தூரத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையிலும் பற்றைக்காடுகளின் ஓரமாகவும் செல்கின்றது. போர்க்காலத்தில் சிதைந்து கிடந்த இவ்வீதி இன்று காபெட் வீதியாகிவிட்டது. இதனால் விளைந்த சௌகரியங்களை யாரும் மறுக்கமாட்டார்; ஆயினும், துவிச்சக்கர வண்டியில் மாலை வேளையில் பிரயாணம் செய்வோருக்கு ஆபத்து வரும் திசை மாறிவிட்டது என்பதை நம்மவர் இன்னும் போதிய அளவு சிந்திக்கவில்லை. முன்னர், பள்ளமும் குழியும் நிறைந்த பாதையில், இடர் முன்னால் கிடந்தது. வாகனங்களோ ஆமைவேகத்தில் ஊர்ந்தன. இப்பொழுது பாதை செம்மையாயிருக்க, இடர் பின்னாலிருந்து விரைந்து வருகின்றது.

இதனைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒரு துவிச்சக்கர வண்டியை, 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒரு பாரவூர்தி பின்தொடருமாயின், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 15 மீற்றர் குறைந்துகொண்டே வரும். இருண்ட ஆடை அணிந்த ஒருவரைத் தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில் முப்பது நாற்பது மீற்றருக்குள் வந்த பின்னரே சாரதி காண்பாராயின், அவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்குச் சற்று மேலான அவகாசமே. பின்னே ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, அதனை இருநூறு மீற்றரில் அவர் கண்டுகொள்வாராயின், பதின்மூன்று விநாடி கிடைக்கின்றது. ஆதலால் விளக்கு வாங்கக் கடைக்குச் செல்லும் ஒருவர், கையில் உள்ள பணம் ஒரே விளக்குக்குத்தான் போதுமென்றால், பின்விளக்கையே முதலில் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நடைமுறையிலோ நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றோம்: முன்னால் ஒரு பெரிய விளக்கு பிரகாசிக்க, பின்னால் மட்காட்டில் பெயருக்கு ஒட்டியிருக்கும் சிறு பிரதிபலிப்பான் சேறு படிந்து மங்கிக் கிடக்கும்.

வாகரைப் பகுதியில் மாலை நேரப் பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் மாணவர்களும், விடிவதற்கு முன் களப்புக்கும் கடற்கரைக்கும் செல்லும் மீனவர்களும், பெட்டி கட்டி மீன் விற்பவர்களும், வயலிலிருந்து திரும்பும் கமக்காரரும் இவ்வீதியைத் துவிச்சக்கர வண்டியிலேயே கடக்கின்றனர். கிழக்குக் கரையோரமாகையால் நவம்பர் மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மழை மேகம் கவிந்த நாட்களில் அதற்கு முன்பே இருள் சூழ்ந்துவிடும். இந்நிலைமைக்குப் பொருத்தமான விளக்கு எது என்று அறியும் நோக்கத்துடன், மூவகை விளக்குகளை ஒரே வண்டியில் மாறி மாறிப் பூட்டி, வறண்ட காலத்திலும் மாரியிலும் உபயோகித்துப் பார்த்தேன்: ரயரில் உராய்ந்து சுழலும் பழைய டைனமோவோடு கூடிய விளக்கு, யூ.எஸ்.பி. வாயிலாகச் சார்ஜ் செய்யும் விளக்கு; சிறு பற்றரிகளில் இயங்கும் சிவப்புப் பின்விளக்கு.

டைனமோவை முதலில் எடுத்துக்கொள்கின்றேன். ஏனெனில் அதனைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவிடுவோர் அதன் அருமையை அறியாதவர். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இன்றித் தவித்த யாழ்ப்பாணத்து மக்கள், வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள் என்பது அக்காலத்தில் வாழ்ந்த எவரும் சொல்லும் செய்தி. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததையும், எரிபொருள் இன்றி மோட்டார் வாகனங்கள் முடங்கியபோது துவிச்சக்கர வண்டிகள் வீதிக்கு மீண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய காலத்தில், சுவரிலுள்ள மின்னிணைப்பை நம்பியிருக்கும் விளக்கு வெறும் கண்ணாடிக் குவளையாகிவிடும். கால் மிதிக்கும்வரை எரியும் டைனமோ விளக்குக்கு அந்தக் கவலை இல்லை.

வழக்கமான டைனமோ 6 வோல்ற் அழுத்தத்தில் 3 வாற் வலுவைத் தருவது, அதில் 2.4 வாற் முன்விளக்குக்கும் 0.6 வாற் பின்விளக்குக்குமாகப் பங்கிடப்படும். பழைய இழைக் குமிழ்கள் ஒரு வாற்றுக்குப் பத்து லூமன் அளவே ஒளி தந்தன. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளோ நூறு லூமனுக்கு மேலும் தரவல்லவை. இவற்றுக்கு வழிதிறந்த நீல எல்.ஈ.டி.யை ஆக்கியமைக்காக அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே, அதே பழைய டைனமோவோடு, டைனமோவுக்கென்றே செய்யப்பட்ட ஓர் எல்.ஈ.டி. முன்விளக்கை இணைத்தபோது, மங்கலான மஞ்சள் ஒளி பரவிய இடத்தில் வீதியின் ஓரக்கோடு வெள்ளெனத் தெரியலாயிற்று. பற்றரி விளக்கை அப்படியே டைனமோக் கம்பியில் தொடுத்துவிடலாகாது. டைனமோவில் பிறப்பது ஆடலோட்ட மின்சாரமாகையால், அதனை நேரோட்டமாக்கும் உறுப்பு விளக்கினுள் இருத்தல் அவசியம். இழைக் குமிழ்களையே வைத்திருப்போர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: பின்குமிழ் எரிந்துபோனால், அதற்குரிய மின்சாரமும் முன்குமிழுக்கே சென்று அதனையும் விரைவில் எரித்துவிடும்.

டைனமோவைப் பூட்டுவதில்தான் பெரும்பாலோர் கவனக்குறைவாயிருக்கின்றனர். அதன் உருளை ரயரின் பக்கச் சுவரில் சாய்ந்தோ கோணலாகவோ படிந்தால், உரசல் அதிகரித்து, கால் வலிக்கும், ரயர் தேயும், ஒளியும் குன்றும். டைனமோவின் அச்சை ஒரு நேர்கோடாக நீட்டினால் அக்கோடு சில்லின் நடு அச்சைத் தொட வேண்டும். ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாலே இது விளங்கிவிடும். அடுத்தது மின்சுற்று. பெரும்பாலான டைனமோக்களுக்கு ஒரே கம்பிதான் உண்டு. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. டைனமோவின் பிடியில் உள்ள கூர்முனைத் திருகாணி வர்ணத்தைத் துளைத்து இரும்பைத் தொட்டால்தான் சுற்று முழுமை பெறும். களப்பும் கடலும் சூழ்ந்த இப்பிரதேசத்தின் உப்புக்காற்றில், அந்த ஊசிமுனை அளவான இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கின்றது. டைனமோ பழுது என்று எண்ணி வீசப்படும் பலவற்றின் உண்மைக் குறை இந்தத் துருவே. விளக்கின் உடலிலிருந்து டைனமோவின் உடலுக்கு இரண்டாவது கம்பி ஒன்றை நேராக இழுத்துவிட்டு, முனைகளில் சிறிது வசிலின் பூசிவிட்ட பின்னர், என் வண்டியில் அத்தொல்லை ஒழிந்தது.

டைனமோவுக்குரிய குற்றங்களையும் மறைக்கலாகாது. அடைமழையில் ரயர் நனைந்து மணலும் சேறும் படியும்போது உருளை வழுக்குகின்றது. உருளையின்மேல் ரப்பர் உறை ஒன்றை மாட்டினால் இது குறையுமேயன்றி முற்றாக நீங்காது. வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைக்கும் கொள்ளளவி உள்ள விளக்குகள் நின்றபின்னும் சில நிமிடம் எரியும். அத்தகையது கிடைத்தால் அதனையே வாங்குக. இங்கிலாந்தில் ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலேயே சில்லின் குடத்தினுள் அமைந்த டைனமோவை வெளியிட்டது. மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாத அந்த அமைப்பு நம் ஊர் வண்டிகளில் காண்பதற்கு அரிதாகவே இருக்கின்றது.

இனி, சார்ஜ் செய்யும் விளக்கு. பூட்டுவது எளிது, ஒளி மிகுதி, கழற்றிக் கையில் எடுத்துச் செல்லலாம். இவை மெய்யான நன்மைகள். ஆயின் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். இத்தகைய விளக்குகள் பலவற்றில் இருப்பது 18650 என்னும் லிதியம் பற்றரி. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டமையால் அதற்கு அந்த இலக்கம். நல்ல நிறுவனத்தின் பற்றரியே பொதுவாகச் சுமார் 3500 மில்லி அம்பியர் மணிக்கு மேல் கொள்வதில்லை. அதாவது ஏறக்குறைய 12 வாற் மணி. வாற்றுக்கு நூறு லூமன் என்று கொண்டால், ஆயிரம் லூமன் ஒளி ஒரு மணித்தியாலத்திற்குச் சற்று மேலாகவே கிடைக்கும். ஒரே பற்றரியோடு ஆயிரம் லூமனில் ஐந்து மணித்தியாலம் எரியும் என்றோ, பற்றரியின் கொள்ளளவு 9900 என்றோ எழுதியிருந்தால், அது பொய்யென்று கடையில் நின்றே முடிவுசெய்யலாம். நான் வாங்கிய மலிவான விளக்கு ஒன்று, உச்ச ஒளியில் எழுதியிருந்த நேரத்தின் பாதியளவும் எரியவில்லை. அதனைத் தாழ்ந்த ஒளியில் வைத்தபோதுதான் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதியதாயிற்று.

வாங்கும்போது முக்கியமாக நோக்க வேண்டியது பற்றரியைக் கழற்றி மாற்ற இயலுமா என்பது. வெயிலில் நிறுத்திய வண்டியில் லிதியம் பற்றரி விரைவில் மூப்படையும்; மாற்ற இயலாத விளக்கு பற்றரியோடு சேர்ந்தே மடிந்துவிடும். நீர்காப்பையும் கவனிக்க வேண்டும். ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். 5, 6 என்பன பீச்சியடிக்கும் நீரை. 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கியிருப்பதை. வடகீழ்ப் பருவமழைக்கு 4 என்பது குறைந்தபட்சமேயாகும். கூடியவரை 6ஐத் தேடுக. சார்ஜ் துவாரத்தை மூடும் ரப்பர் மூடி கிழிந்துவிட்டால் எந்தக் குறியும் பயன்படாது.

ஒளியின் அளவைக் காட்டிலும் ஒளியின் வடிவம் முக்கியமானது. ரோச் விளக்கைப் போன்று வட்டமாக ஒளி வீசும் விளக்கு, பாதி ஒளியை வானத்திற்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் செலவிடுகின்றது. ஜேர்மனியின் வீதிச் சட்டம் இதனை நன்கு உணர்ந்து, முன்விளக்கின் ஒளி பத்து மீற்றர் தூரத்தில் பத்து லக்ஸுக்குக் குறையலாகாது என்றும், மேற்பகுதியில் ஒளி வெட்டப்பட்டு எதிரே வருபவரைக் கூசச்செய்யாதிருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. அவ்வாறு மேல்விளிம்பு வெட்டிய விளக்கு ஒன்றை உபயோகித்தபோது, லூமன் கணக்கில் குறைவாயிருந்தும், வீதி அதிகத் தெளிவாய்த் தெரிந்தது. ஒதுங்க இடங்குறைந்த பாலத்தின்மேல் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்வது அவருக்கு மட்டுமன்றி நமக்கும் தீங்கே.

வட்ட ஒளி விளக்குத்தான் கையிலிருக்கின்றது என்றால், சரியாகச் சாய்த்துப் பூட்டுவதால் பெருமளவு பரிகாரம் காணலாம். இருட்டியபின், ஒரு சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்துக. விளக்கு நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருக்குமாயின், ஒளிவட்டத்தின் நடு சுவரில் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் விழுமாறு சாய்த்து இறுக்குக. அப்பொழுது அவ்வொளி வீதியைப் பத்து மீற்றரில் சந்திக்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கு வறண்ட வீதியில் நிறுத்துவதற்கு அத்தூரம் போதுமானது. ஹாண்டிலுக்கும் பிடிக்கும் இடையே பழைய ரியூப் துண்டொன்றைச் சுற்றினால் விளக்கு அதிர்ந்து குனியாது. முன்கூடையில் பொருள் ஏற்றுவோர் விளக்கை ஹாண்டிலில் வைத்தால் ஒளி கூடையிலேயே அடங்கிவிடும். அவர்கள் முன்கவையின் தலையிலோ மட்காட்டிலோ பூட்டுவதே நன்று. தாழ்வாக வைத்த விளக்கு பள்ளங்களின் நிழலைத் தெளிவாகக் காட்டும் என்பது மேலதிக நன்மை. யானை நடமாட்டமுள்ள கட்டுமுறிவுப் பக்கத்து உட்பாதைகளில் செல்வோர் மாத்திரம், தொலைவில் நோக்குவதற்கென நல்லதொரு ரோச் விளக்கைத் தனியாகக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். வண்டி விளக்கை அதற்காக மேலே தூக்கி வைக்கலாகாது.

பின்விளக்கைப் பற்றி என் முடிவு தெளிவானது: அது டைனமோவைச் சாராமல் பற்றரியில் இயங்க வேண்டும். வலப்புறம் திரும்புவதற்காக வீதி நடுவில் நின்று காத்திருக்கும்போதும், செயின் கழன்று ஓரத்தில் குனிந்திருக்கும்போதுமே பின்விளக்கின் தேவை உச்சமாயிருக்கின்றது. டைனமோவோ அவ்வேளைகளில் கைவிட்டுவிடும். சிவப்பு எல்.ஈ.டி. மிகச் சிறிதளவு மின்சாரத்தையே கேட்பதால், இரண்டு சிறு பற்றரிகள் வாரக்கணக்கில் போதுமாயிருந்தன. மின்னிமின்னி எரிவதா, நிலையாக எரிவதா என்பதில் கருத்து வேறுபாடுண்டு. மின்னும் ஒளி கண்ணை விரைவில் ஈர்க்கும் என்பது மெய். ஆனால் இருண்ட வீதியில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று மதிப்பிடுவது சாரதிக்குக் கடினமாகிவிடுகின்றது. தெருவிளக்கற்ற இவ்வீதிக்கு நிலையான ஒளியையே நான் விரும்புகின்றேன். பெடலில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்களையும் எவரும் கழற்றிவிட வேண்டாம். மேலும் கீழுமாக அசையும் அவ்விரு புள்ளிகளே, அங்கே செல்வது ஒரு மனிதர் என்பதைச் சாரதிக்கு முதலில் உணர்த்துபவை.

கடைகளில் கிடைக்கும் பின்விளக்குகள் எல்லாவற்றிலும் நான் கண்ட பெருங்குறை ஒன்றுண்டு. அவற்றின் பிடிகள் சீற்றின் கீழுள்ள உருண்டைக் குழாய்க்கென்றே செய்யப்பட்டவை. நம் ஊரிலோ கரியரில் மீன்பெட்டியோ, விறகுக்கட்டோ, பின்னே அமர்ந்துவரும் பிள்ளையோ இல்லாத வண்டி அபூர்வம். ஆகவே சீற்றின் கீழ் எரியும் விளக்கு சுமைக்குள் மறைந்து, எரிந்தும் எரியாததாகின்றது. மீன்பெட்டி கட்டுவோர் விளக்கைப் பெட்டியின் பின்முகத்திலேயே, மேல்விளிம்பிலிருந்து ஒரு கையகலம் தாழ, வலப்பக்க ஓரமாகப் பூட்ட வேண்டும். நாம் வீதியின் இடப்புறம் செல்பவராகையால் வாகனங்கள் முந்திச் செல்வது வலப்பக்கமாகவே. மற்றையோருக்குக் கரியரின் பின்விளிம்பே தக்க இடம். அதற்கு, இரு விரல் அகலமுள்ள அலுமினியத் தகடொன்றை வளைத்து, துருப்பிடியா ஆணிகள் இரண்டினால் கரியரில் இறுக்கி, தகட்டின் நிமிர்ந்த பகுதியில் விளக்கைப் பொருத்தினால் போதும். எந்தச் சைக்கிள் கடையிலும் கால்மணி நேரத்தில் முடியும் வேலை இது. தகடு நிலத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒருமுறை பார்த்துக்கொள்க. சற்றுக் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தாலும் அதன் ஒளி சாரதியின் கண்ணை அடையாது நிலத்திலேயே விழுந்துவிடும்.