தோரணம் கட்ட வாசற்கால் வேண்டும்

சபா நாடகம் என்றாலே "துணுக்குத் தோரணம்" என்று உதட்டைப் பிதுக்குவது நம் விமர்சகர்களுக்குப் பழகிவிட்டது. நாடகமே பார்க்காதவர்களும் இப்போது அதைச் சொல்கிறார்கள். அந்த வசை அதிகம் விழுந்தது கிரேசி மோகன் (1952–2019) தலையில்.

சபா நகைச்சுவை மோகனிடம் தொடங்கியதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்கள் வேஷம் கட்டுவதைக் கௌரவமாக்கினார். எஜமான் சொன்னதை வேலைக்காரன் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் 'சபாபதி' அவர் தந்த சொத்து. 1968இல் 'முகமது பின் துக்ளக்' மூலம் சோ சிரிப்பை அரசியல் பக்கம் திருப்பினார். துக்ளக் காலத்தைத் தாண்டி நிற்கிறான். சோவின் மற்ற கேலிகள் பலவற்றுக்கு இன்று அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

கிண்டியில் பொறியியல் படித்த மோகன், 1976இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார், அடைமொழி ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983இல் பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை' ஆனது.

அவர் நாடகங்களில் நாயகன் மாது பெரும்பாலும் ஒரு சிக்கலில் மாட்டுவான். தப்பிக்க ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று. சிலேடைகள் இந்தத் தவிப்பின் மேல்தான் ஏறி உட்காரும். அவர் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கல்யாணச் சாம்பாரில் விழும் மீனை நினைத்துப் பாருங்கள். சைவப் பந்தி, மானம் போகுமே என்ற பயம், மறைக்க வழியில்லாத அவஸ்தை. அங்கே யார் எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும்.

சிக்கலை முதலில் கட்டிவிட்டு வசனத்துக்குக் காத்திருக்கும் இந்த நிதானம் மேடையில் நின்று கற்றது. 'சாக்லேட் கிருஷ்ணா'வில் அவரே கிருஷ்ணர், 'வசூல்ராஜா' படத்தில் மார்க்கபந்து. நடிகராக அவர் பெரிய ஆளில்லை. ஆனால் அரங்கின் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரமாகும், அடுத்த வசனத்தை எப்போது விடவேண்டும் என்பது மேடையேறியவருக்கே தெரியும். தம்பி மாது பாலாஜியின் நாக்கு எங்கே பாயும், எங்கே தடுமாறும் என்று அறிந்து எழுதிய வசனங்கள் அவை.

குறைகள் உண்டு. தம்மை முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாகக் கதாநாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்று பெயர் வைத்தார். நன்றி அழகுதான், பெயருக்கு அப்பால் அந்த ஜானகிகளுக்கு வேலை குறைவு. பிற்கால நாடகங்களில் சிலேடை மூச்சுமுட்டவும் செய்தது.

வருத்தம் என்னவென்றால், இன்று அவர் வழியில் எழுதுகிறவர்கள் அந்தச் சிலேடை மிகுதியைத்தான் சுவீகரித்திருக்கிறார்கள். வாசற்கால் இல்லாமல் தோரணம் கட்டுகிறார்கள். மோகனின் பிரதி ஒன்றை எடுத்துச் சிலேடைகளையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள்: யாரிடமிருந்து யார் எதை மறைக்கிறார்கள் என்ற முடிச்சு அவிழாமல் அங்கேயே இருக்கும். புதிதாக எழுத வருபவர் கைவைக்க வேண்டிய இடம் அது.