மூளை மின்தூண்டலும் உயர்நிலை வீரர்களின் இயக்கத்திறன் கற்றலும்: சான்றுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தலைத்தோலின் மீது இரு மின்வாய்களைப் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரையிலான மெல்லிய மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்தும் முறை நேர்திசை மின்னோட்டத் தூண்டல் எனப்படுகிறது. இம்முறையால் இயக்கப் புறணியின் கிளர்வுத்தன்மை மாறுவதையும், மின்னோட்டம் நின்ற பின்னரும் அம்மாற்றம் சில நிமிடங்கள் நீடிப்பதையும் 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் ஆகிய இருவரும் காட்டினர். ஆய்வகத்தில் வளர்ந்த இம்முறை பதினாறு ஆண்டுகளுக்குள் தலையணிக் கருவியாக விற்பனைக்கு வந்தது. உயர்நிலை விளையாட்டு வீரர்களின் திறன் கற்றலை இது விரைவுபடுத்தும் என்னும் கூற்று எத்தகைய சான்றின் மேல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏழு வீரர்களும் எழுபது விழுக்காடும்

ஹாலோ நியூரோசயின்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் எழுவரிடம் நடத்திய சோதனை 2016இல் பரவலாகப் பேசப்பட்டது. நால்வர் மின்தூண்டலும் மூவர் போலித் தூண்டலும் பெற்றனர். போலித் தூண்டல் பெற்றோரோடு ஒப்பிட, மற்றவர்களின் தாண்டும் விசை 70 விழுக்காடு மேம்பட்டதாகச் சொல்லப்பட்டது. சகமதிப்பாய்வுக்கு முன்னரே இவ்வெண் செய்தியாயிற்று.

இவ்வெண்ணை எவ்வாறு வாசிப்பது? ஒரு குழுவின் விசை 10 விழுக்காடும் மற்றொன்றின் விசை 17 விழுக்காடும் கூடியிருப்பினும், முன்னேற்றத்தை முன்னேற்றத்தோடு ஒப்பிட்டு 70 விழுக்காடு மேம்பாடு என்று எழுத இயலும். உண்மையான இடைவெளியோ ஏழே புள்ளிகள். நால்வர் கொண்ட குழுவில் ஒருவரின் நல்ல வாரமே சராசரியை நகர்த்திவிடும். மேலும், அளக்கப்பட்டது விசை. திறன் கற்றல் என்பது பயிற்சி முடிந்து நாட்கள் கழிந்த பின்னும் எஞ்சி நிற்பது.

புதியவரும் தேர்ந்தவரும்

எஞ்சி நிற்றலை முறையாக அளந்த ஆய்வு உண்டு. 2009இல் ரைஸ் குழுவினர், விரல்களால் அழுத்தும் விசையைக் கட்டுப்படுத்தும் புதிய பணியொன்றை ஐந்து நாட்கள் கற்பித்தனர். தூண்டல் பெற்றோர் கூடுதலாக முன்னேறினர். மூன்று மாதங்களுக்குப் பின்னும் அவர்களே முன்னிலையில் இருந்தனர். அந்த முன்னேற்றம் பெரிதும் பயிற்சி அமர்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்பதே இவ்வாய்வின் சிறப்பு. ஆயினும் அதில் பங்கேற்றோர் அப்பணிக்குப் புதியவர்கள். அவர்களிடம் கண்டதைப் பல்லாயிரம் மணிநேரம் ஒரே அசைவைப் பழகிய வீரருக்கு ஏற்றிச் சொல்வதில்தான் இத்துறையின் பெரும் தாவல் நிகழ்கிறது.

இத்தாவலுக்குத் தடையாக நிற்பது விளையாட்டுத் துறை சாராத ஓர் ஆய்வு. 2014இல் ஃபுருயா குழுவினர் தேர்ந்த பியானோ கலைஞர்களையும் இசைப் பயிற்சி அற்றோரையும் ஒருங்கே சோதித்தனர். தூண்டலால் பயிற்சியற்றோரின் விரலசைவு நுட்பம் பெற்றது, கலைஞர்களிடம் மாற்றமில்லை. நெடும்பயிற்சி அடைந்துவிட்ட உச்சவரம்பை இதற்குக் காரணமாக அவர்கள் கருதினர். பியானோவும் பனிச்சறுக்கும் வேறுவேறு என்பது உண்மையே. எனினும் தேர்ச்சியின் அளவு தூண்டலின் விளைவை மாற்றக்கூடும் என்பதை இனி எவரும் புறந்தள்ள இயலாது. இவ்வாய்வை ஒதுக்கிவிட்டு உயர்நிலை வீரர்களைப் பற்றிப் பேசுவது முறையன்று.

போலித் தூண்டலிலும் ஒரு சிக்கல் உண்டு. மின்னோட்டம் தோலில் மெல்லிய கூச்சத்தை உண்டாக்கும். தம் உடலின் சிறு மாற்றத்தையும் உணரப் பழகிய வீரர், தாம் எக்குழுவில் உள்ளார் என்பதை ஊகித்தறிய வாய்ப்புண்டு. ஊகம் நம்பிக்கையாகும், நம்பிக்கை விசையைக் கூட்டும்.

நெறிமுறை விவாதம் இவற்றுக்கு முந்திக்கொண்டது. ‘நியூரோடோப்பிங்’ என்னும் சொல் 2013இலேயே ஆய்விதழில் இடம்பெற்றது. தமிழில் இதனை ‘மூளை ஊக்கமருந்து’ என்றால் இல்லாத மருந்தொன்று உள்நுழைகிறது. பலன் உறுதிப்பட்டது என்னும் எண்ணமும் உடன்வருகிறது. விற்போருக்கு இதனினும் நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. குறுகிய விளையாட்டு வாழ்வின் பயிற்சி நேரத்தை இதற்கு ஒதுக்குபவர் வீரர்தாம். அவருக்குத் தேவைப்படும் சான்று அவரது விளையாட்டின் அசைவிலேயே, போலித் தூண்டலுடன் ஒப்பிட்டு, பயிற்சி முடிந்து வாரங்கள் கடந்த பின் அளக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும்.