அடையாறு அறிக்கை: ஓர் உளவியல் மதிப்பீடு

உளவியல் நூல் எதைப் புரட்டினாலும், 1879இல் லைப்சிக் நகரில் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடமே பெரும்பாலும் முதலில் வரும். கண்டவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியின் வரலாற்றிலோ நம் அடையாறுக்கும் இடம் உண்டு.

பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரைக்குக் குடிவந்தது. அங்கே மாடியறைச் சுவரில் ஒரு பேழை தொங்கியது. அதனுள் மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றுவதாகவும், உடைந்த தட்டொன்று முழுத்தட்டாக மாறியதாகவும் கண்டவர்கள் கூறினர். 1884இல், சபையிலிருந்து விலக்கப்பட்ட கூலோம் தம்பதியர், பிளவாட்ஸ்கி அம்மையாரின் கடிதங்கள் எனச் சிலவற்றை வெளியிட்டனர். எல்லாம் தந்திரம் என்பது அவற்றின் சாரம். அதிசய நிகழ்ச்சிகளை ஆராய லண்டனில் இருந்த சங்கம், ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அனுப்பியது. ஏறத்தாழ மூன்று மாதம் விசாரித்த அவர், அம்மையார் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டினார். 1885இல் அறிக்கை வெளிவந்தது. அவ்வாண்டு சென்னையை விட்டுச் சென்ற அம்மையார் இந்தியாவுக்குத் திரும்பவேயில்லை.

முடிவை விடுங்கள், முறையைப் பாருங்கள். ஹாட்ஜ்சன் வருமுன்பே பேழை எரிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியவை மக்களின் நினைவுகளே. எங்கே நின்றீர், எதைத் தொட்டீர் என்று தனித்தனியே கேட்டு, முரண்களைக் குறித்தார். அறிக்கையின் சிறந்த பகுதி இதுவே.

கையெழுத்து விஷயத்தில் அவர் சறுக்கினார். மகாத்மா கடிதங்கள் அம்மையார் எழுதியவை அல்ல என்று முதலில் கூறிய நிபுணர் நெதர்கிளிஃப்ட், மேலும் மாதிரிகள் தரப்பட்டதும் கருத்தை மாற்றிக்கொண்டார். பலருடைய எழுத்தைக் கலந்து, யாருடையது என்பதை மறைத்து, "இவற்றுள் ஒத்திருப்பவை எவை?" என்று கேட்டிருந்தால் அவர் விடைக்கு மதிப்பு இருந்திருக்கும். எதிர்பார்க்கும் விடையை அறிந்தவரிடம் வாங்கும் சான்று பாதிச் சான்றே. அம்மையார் ரஷ்ய ஒற்றர் என்ற ஊகமோ வெறும் ஊகம்தான்! 1986இல் அதே சங்கத்தின் இதழிலேயே வெர்னன் ஹாரிசன் இவ்வறிக்கையைக் கடுமையாகச் சாடினார்.

வியப்பு என்னவெனில், மேலான முறையும் ஹாட்ஜ்சன் பங்கேற்ற ஆய்விலேயே கிடைத்தது. எஸ். ஜே. டேவி என்பவர் செப்படி வித்தை கற்று, பலகையில் ஆவி எழுதுவதுபோல் நடித்துக் காட்டினார். பார்த்தவர்கள் கண்டதை எழுதித் தந்தனர். உண்மையில் என்ன நடந்தது என்பது டேவிக்குத் தெரியும். ஆகவே பிழையை ஒப்பிட்டு அறிய முடிந்தது. பலகை கண்ணைவிட்டு அகலவேயில்லை என்று நேர்மையானவர்களே எழுதியிருந்தனர். முக்கியமான அசைவுகள் விடுபட்டிருந்தன. நிகழ்ச்சிகளின் வரிசையும் மாறியிருந்தது. இருவரும் 1887இல் இதை வெளியிட்டனர். அடையாற்றில் இல்லாதது இந்த ஒப்பீடே: நினைவை வைத்துப் பார்க்க உண்மைப் பதிவு அங்கே ஏது?

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். எளிய சீட்டு வித்தை ஒன்றை நான்கு நண்பர்களுக்குக் காட்டுங்கள். செய்யப்போகும் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் அவர்களைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் தங்களுக்குள் அதைப் பற்றிப் பேசலாகாது.