ஆதிமூலத்தின் மலைச்சரிவு

சேர்வராயன் மலையின் கரடியூர்க் காட்சிமுனையில் மேகம் ஏறிவிட்டால் சில்வர் ஓக் மரமும் அதைச் சுற்றிய மிளகுக்கொடியும் காப்பிச்செடியும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் கரும்பச்சை, மண் சரிந்த இடத்தில் ஒரு செம்பட்டை. அவ்வளவுதான் மிஞ்சும். உடனே எல்லோரும் செல்போனை எடுக்கிறார்கள். 'இது என்ன, ஒண்ணுமே புரியலையே' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அரூப ஓவியத்தின் முன்னால் மட்டும் கேட்கிறோம்.

கே.எம். ஆதிமூலத்தை (1938–2008) பத்திரிகை வாசகர்கள் கோட்டோவியராகவே அறிவார்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் வரைந்த காந்தி படங்கள், எழுத்தாளர் கி.ரா.வின் கரிசல் எழுத்துக்கு வரைந்த படங்கள்... ஒரு கோட்டில் ஆளின் வயதையே சொல்லிவிடும் கை அது. அந்தக் கை பிற்பாடு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தபோது கோட்டை அறவே விட்டுவிட்டது. என்ன துணிச்சல்! கித்தானில் நீலத்தின் மேல் பச்சை, பச்சையை விலக்கிக்கொண்டு காவி. பூச்சு தடித்த இடத்தில் வெளிச்சம் தங்கும். மெலிந்த இடத்தில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். மரமில்லை, வீடில்லை, ஆனாலும் நிலம் இருக்கிறது. அவர் பிறந்த கீராம்பூர் துறையூர்ப் பக்கம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சீமை. சேர்வராயன் மலைக்கு இவை பங்காளிகள்தான்.

டச்சு ஓவியர் மோந்திரியான் 1911-இல் ஒரு சாம்பல்நிற மரம் வரைந்தார். மறுவருடம் வரைந்த ஆப்பிள் மரத்தில் வளைகோடுகள்தான் மிச்சம். கண்ட பொருளிலிருந்து சாறு எடுக்கும் இந்த வழியில்தான் ஆதிமூலமும் வருகிறார்.

அச்சுதன் கூடல்லூர் வேறு ரகம். பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்து ஓவியரானவர், 2022-இல் மறைந்தார். அவருடைய சிவப்பு எந்த மண்ணுடைய சிவப்பும் அல்ல, வெறும் சிவப்பு. அரூபம் என்ற சொல் அவருக்குத்தான் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையையும் அரூபம் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஜாதகக் கட்டமும் எழுத்துப் போன்ற கிறுக்கலும் நிறைந்த அந்தப் படங்களில் உருவத்துக்குப் பஞ்சமே கிடையாது, வாசிக்கத்தான் முடியாது.

பணிக்கர் முன்னின்று 1966-இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. ஆதிமூலம், பணிக்கர் போன்ற சென்னை இயக்க ஓவியர்களுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. போனால் முதலில் படத்தைப் பாருங்கள்; பக்கத்தில் ஒட்டியிருக்கும் தலைப்பை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.