இறையியல் வாங்கிய வக்காலத்து

குருமாருக்குப் பிரமச்சரியத்தை விதித்த ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குரு காதல்வயப்பட்டார் என்றால், அவர் மீறிய விதி எது என்று விளக்குவதற்கு நாவலாசிரியர் சிரமப்பட வேண்டியதில்லை. 1549-லேயே குருமார் விவாகத்துக்குச் சட்டம் இடங்கொடுத்துவிட்ட இங்கிலாந்துத் திருச்சபையிலோ நிலைமை வேறு. அங்கே குரு ஒருவர் காதலிப்பது குற்றமன்று. மனைவி உயிரோடிருக்க வேறொருத்தியைக் காதலிப்பதே குற்றம். ஆகையால் அங்கே தடையுண்ட காதலைப் பற்றி எழுத முற்படுபவர், விவாகம் என்பது எது, அது எப்போது விவாகமாகாமற் போகிறது என்ற வழக்கு முழுவதையும் தோளில் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையை விரும்பி ஏற்றுக்கொண்டதுதான் சூஸன் ஹோவாட்ச் 1987-இல் வெளியிட்ட ‘கிளிட்டரிங் இமேஜஸ்’ என்ற நாவலின் முதற்சிறப்பு.

கதை நடப்பது 1937-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய டிசம்பரில்தான் எட்டாம் எட்வர்டு, விவாகரத்துப் பெற்ற ஒரு மாதின்பொருட்டு முடிதுறந்திருந்தார். வீழ்ந்த மன்னரையும் அவர் நண்பர் குழாத்தையும் வானொலியில் கண்டித்துப் பேசி, கான்டர்பரியின் பிரதம அத்தியட்சர் காஸ்மோ லாங் நாட்டாரின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அதுவரை பெரும்பாலும் விபசாரம் ஒன்றையே காரணமாகக் கொண்டிருந்த விவாகரத்துச் சட்டத்தில் கொடுமை, கைவிடுதல், தீராத சித்தப்பிரமை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுமென்று ஏ. பி. ஹெர்பர்ட் கொண்டுவந்த மசோதா, அந்த ஆண்டிலேயே பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. இந்த மெய்யான சரித்திரத்துக்குள்ளே ஸ்டார்பிரிட்ஜ் என்ற கற்பனை நகரத்தையும், மேல்சபையில் லாங்கையே எதிர்த்துச் சாடிய அலெக்ஸ் ஜார்டின் என்ற அத்தியட்சரையும் ஆசிரியை பொருத்திவைக்கிறார். ஜார்டினின் அரண்மனையில் நலிந்த உள்ளம்படைத்த மனைவி கேரியும், அவளுக்குத் துணையாக அமர்த்தப்பட்டு நாளடைவில் இல்லத்தையே நிர்வகிப்பவளாகிவிட்ட லைல் கிறிஸ்டி என்னும் இளம்பெண்ணும் இருக்கிறார்கள். அங்கே ஏதேனும் அபவாதத்துக்கு இடமுண்டா என்று இரகசியமாக விசாரித்துவர லாங் அனுப்புகிற கேம்பிரிட்ஜ் பண்டிதர் சார்லஸ் ஆஷ்வொர்த்தே கதையைச் சொல்கிறார். ஜார்டினுக்கு மாதிரியாக நின்றவர் டர்ஹாம் அத்தியட்சர் ஹென்ஸ்லி ஹென்சன். அவர் அம்மசோதாவை ஆதரித்தவர் என்பது மெய், ஒழுக்கப் பிசகு மட்டும் முழுக்க ஆசிரியையின் கற்பனை.

மர்மக் கதையைப்போல் தொடங்கும் இந்நூலில் மர்மம் அவிழும் இடமே அதன் சிகரம் என்று நான் கருதுகிறேன். ஜார்டின் பாவம் செய்வதாகவே எண்ணவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தமக்கும் கேரிக்கும் விவாகம் நடந்ததென்றாலும், ஈசுவரனுடைய கண்ணுக்கு அது ஒருபோதும் விவாகமாக இருந்ததில்லை என்று தமக்குத்தாமே நிரூபித்துக்கொண்டு, லைலோடு அந்தரங்கமாகப் பிரதிக்கினை பரிமாறி, அவளே தம் மெய்யான மனைவி என்ற சித்தாந்தத்தில் அவர் நிம்மதியாக வாழ்கிறார். விவாகரத்துச் சட்டம் விரிவடைய வேண்டுமென்று ஊரறிய வாதாடியவருக்கு, பதவியை இழக்காமல் அந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க வழியில்லை. ஆதலால் தமக்கென்று ஒரு தனிச் சட்டத்தை இயற்றிக்கொள்கிறார். காமம் விசுவாசத்தை அழிக்கும் கதைகள் உலக இலக்கியத்தில் மலிந்து கிடக்கின்றன. காமத்துக்காக விசுவாசமே வக்காலத்து வாங்கி வாதாடி ஜயித்துவிடும் கதை அபூர்வம். பிரசங்க மேடையில் ஜார்டினை உயர்த்திய அதே தர்க்கவன்மைதான் அவரைக் கெடுத்தது என்று காட்டுவதில், ஹோவாட்ச் மதவாதிகளுக்கும் மதத்தை மறுப்பவர்களுக்கும் ஒருங்கே சங்கடமானதோர் உண்மையைத் தொட்டுவிடுகிறார்.

விசாரிக்கப் போனவரும் சுத்தரல்லர். மனைவியை இழந்த ஆஷ்வொர்த், லைலைக் கண்ட மாத்திரத்தில் அவள்மீது மோகங்கொண்டுவிடுகிறார். அதற்குப்பின் அவர் சேகரிக்கும் ஒவ்வொரு சாட்சியமும் நீதியின் தாகத்தால் சேகரித்ததா, போட்டியாளனின் பொறாமையால் சேகரித்ததா என்பது அவருக்கே விளங்குவதில்லை. தன்மையில் கதை சொல்லும் உத்திக்கு இதைவிடத் தக்க பிரயோஜனம் வேறில்லை.

மனமுடைந்த ஆஷ்வொர்த் அடைக்கலம் புகுவது, கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள கிராண்ட்செஸ்டரில் இருப்பதாக ஆசிரியை கற்பனை செய்திருக்கும் ஆங்கிலிக்கத் துறவிமடம். உலகம் மெச்சுவதற்காக மனிதன் தீட்டிவைக்கும் பளபளப்பான பிம்பத்தின் பின்னே அஞ்சி ஒடுங்கியிருக்கும் மெய்யான தன்னை வெளியே வரவழைக்கும் ஞானோபதேசியாக, ஜான் டாரோ என்ற மடாதிபதி அங்கே வருகிறார். தனிப்பட்ட பாவ அறிக்கை இங்கிலாந்துத் திருச்சபையில் கட்டாயமன்று. 19-ஆம் நூற்றாண்டின் ஆக்ஸ்போர்டு இயக்கமே அதற்குப் புத்துயிர் தந்தது. அந்த அறிக்கையை ஒரு நீண்ட நாடகக் காட்சியாக்கி, நவீன மனோதத்துவத்தையும் பழைய ஆத்ம விசாரணையையும் ஒரே நூலில் கோத்திருக்கும் துணிவு பாராட்டத்தக்கது. ஸால்ஸ்பரிப் பேராலயத்தின் சுற்றுப்புறத்தில் உலவுகையில் கருக்கொண்டதே தம் முதற் குருமார் கதை என்று சொன்ன நாவலாசிரியர் டிரோலப்பும், அதே ஸால்ஸ்பரியில் குடியிருந்த ஹோவாட்சும் ஒரே மண்ணிலிருந்து எழுதியவர்கள்; எனினும் டிரோலப்பின் குருமார் பதவிக்கும் மானியத்துக்கும் போராடுவார்களேயன்றி, பிரார்த்தனை செய்யும்போது அவர்களை நாம் காண்பது அரிது.

ஆனால் நூலின் குறையும் இங்கேதான் வேர்விடுகிறது. டாரோ தவறுவதேயில்லை. எந்தப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு. ஆஷ்வொர்த்தின் குடியும் பெண்ணாசையும் மூத்தோரின் அங்கீகாரத்துக்கு ஏங்கும் தாபமும் தந்தையைப் பற்றிய ஒரே இரகசியத்தில் வந்து முடிந்துவிடும்போது, ஆத்மாவின் நோய் கணிதப் புதிரைப்போல் மீதமின்றித் தீர்ந்துவிடுகிறது. விசுவாசி கிருபை என்று அழைக்கும் ஒன்று, கணக்குக்கு அடங்காமல் அங்கே நுழைய இடமேயில்லை. பாத்திரங்கள் ஓயாமல் உச்சஸ்தாயியில் வாதிடுவதும் ஆசிரியை முன்பு எழுதிய குடும்பப் பெருங்கதைகளின் மிச்சமே. டாரோவைப் பற்றிய குறையை ஆசிரியையே உணர்ந்திருந்தார் போலும். அவரையே கதை சொல்லவிட்டு மறு ஆண்டே எழுதிய ‘கிளாமரஸ் பவர்ஸ்’ நாவலில், அந்த ஞானியின் அகந்தையைத் தயவின்றித் தோலுரிக்கிறார்.

லைலுக்கு மட்டும் அந்த நியாயம் கிட்டவில்லை. ஜார்டினின் கருவைச் சுமந்தபடியே அவள் ஆஷ்வொர்த்தை மணக்கிறாள். பிறக்கும் பிள்ளையை அவர் தம் பிள்ளையாகவே வளர்க்க இசைகிறார். இதை அவருடைய தியாகமாகவும் மீட்சியாகவும் நாவல் கொண்டாடுகிறது. வருஷக்கணக்காக ஓர் அத்தியட்சரின் சித்தாந்தத்தை நம்பி வாழ்ந்த பெண், அது பொய்யென்று கண்டபோது கடவுளைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எவரும் அவளைக் கேட்பதில்லை. டாரோவின் அறையில் ஆஷ்வொர்த்தின் ஆத்மாவுக்கு எத்தனையோ பக்கங்கள் கிடைக்கின்றன. அவளுடைய ஆத்மாவோ இரண்டு ஆண்களின் கணக்கில் ஒரு பற்றுவரவாகவே நின்றுவிடுகிறது. ஆறு நாவல்கள் கொண்ட ஸ்டார்பிரிட்ஜ் வரிசையில் பெண்ணொருத்தி கதை சொல்வது 1990-இல் வந்த ‘ஸ்கேண்டலஸ் ரிஸ்க்ஸ்’ ஒன்றில்தான். அதில் ஒரு முதிய பேராலயத் தலைவர், ஜான் ராபின்சன் என்ற அத்தியட்சர் 1963-இல் எழுதிய புரட்சி நூலைக் கையில் ஏந்தி, அன்பே எல்லா விதிகளுக்கும் மேலான விதி என்று தம் மகள் வயதொத்த வெனீஷியாவிடம் உருகுகிறார். ஜார்டின் ஏந்திய அதே வக்காலத்து. ஏமாந்தவளின் வாயாலேயே கேட்கும்போது அதன் குரூரம் இருமடங்காகிறது.

ஆகவே இவ்வரிசையில் கட்டமைப்பின் திறத்துக்காகப் படிக்க விரும்புவோர் ‘கிளிட்டரிங் இமேஜஸ்’ நாவலைப் படிக்கலாம். ஆனால் தடையுண்ட காதல் விசுவாசத்தை என்ன செய்கிறது என்பதற்கு நேர்மையான விடையைத் தேடுவோர், கலையமைதியில் அதைவிடச் சற்றுக் குறைந்ததேயானாலும், ‘ஸ்கேண்டலஸ் ரிஸ்க்ஸ்’ நாவலையே முதலில் கையில் எடுக்க வேண்டும்.